வாசகர் கேள்விகள்: அடகுக்குப் போன விரிப்புகள்

சென்ற இதழில் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். போர் முடிந்த ரோம் நகரம். வேலையில்லாமல் இருக்கும் அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகன் புரூனோவைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடுகிறான். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தப் படத்தைப் பற்றியே இருந்ததால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: வேலையில்லாதவன் குற்றவாளி ஆகிற கதை என்கிறீர்கள். ஆனால் அவன் திருடுவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். அதுவரை சும்மா நடக்கிறார்கள். இவ்வளவு நீளம் தேவையா அம்மா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: திருட்டைப் பார்க்க உட்கார்ந்தால் நீளம்தான் தம்பி. வீட்டைப் பார்க்க உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரி ஒருவர் படிக்கட்டில் நின்று பெயர் கூப்பிடுகிறார். கீழே கூட்டம் முண்டியடிக்கிறது. பெயர் வந்த ஆளைக் காணோம். தெருவுக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவர் ஓடிப்போய்த்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அங்கே போய் உட்கார்ந்திருப்பான்! யாரும் விளக்கம் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. சைக்கிள் வேண்டும் என்று அதிகாரி சொன்னதுமே "என்னிடம் இருக்கிறது, எனக்குக் கொடுங்கள்" என்று பின்னாலிருந்து குரல்கள் எழும்புகின்றன. அன்டோனியோவின் சைக்கிளோ அடகில் கிடக்கிறது.

அதை மீட்கப் பணம் வேண்டும். மனைவி மரியா பேசிக்கொண்டு நிற்பதில்லை. கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவி எடுக்கிறாள். அடகுக் கடையில் பேரம் பேசி 7,500 லிரா வாங்குகிறார்கள். இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அந்த மூட்டையை வாங்கிய கடை ஊழியர் உள்ளே எடுத்துப்போய் அலமாரியில் ஏறத் தொடங்குகிறார். தட்டுக்கு மேல் தட்டு, கூரை வரைக்கும் மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் படுக்கை. அன்டோனியோ நின்று அதைப் பார்க்கிறான். எனக்குப் படத்திலேயே மிகவும் கனமான நிமிடம் அதுதான், கடைசிக் காட்சிகூட இல்லை.

காரணம் என் சொந்தக் கதைதான். அப்பா வேலை பார்த்த ஆலை மூடியபோது எனக்கு ஒன்பது வயது. பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவை அம்மா இறக்கினாள். அதன் கழுத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அடகுக் கடைக்காரர் பெயரைப் பார்க்கவில்லை, எடையைப் பார்த்தார். அண்டா திரும்பி வரவில்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் வெகு நாள் தெரிந்தது.

சைக்கிள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையையும் பாருங்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் புரூனோ அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். புதிதாக ஓர் ஒடுக்கு விழுந்திருப்பது அவன் கண்ணில் படுகிறது. அடகுக்குப் போவதற்கு முன் அது இல்லை. "அவர்களிடம் கேட்டீர்களா?" என்று அப்பாவிடம் விசாரிக்கிறான். அவனே பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற பொடியன். கிளம்புமுன் கைக்குழந்தையின் கண்ணில் வெளிச்சம் படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறான். இத்தனையும் மனதில் ஏறிய பிறகுதான் சைக்கிள் தொலைகிறது. அதனால்தான் நமக்கு அது வெறும் சைக்கிளாகத் தெரிவதில்லை.

கேள்வி: திருடனைக் கண்டுபிடித்த பிறகும் அன்டோனியோ ஏன் விட்டுவிட்டு வருகிறான்? எனக்குக் கோபம்தான் வந்தது. (ஓர் இல்லத்தரசி)

பதில்: கையில் சாட்சி இல்லை. போலீஸ்காரர் வந்து அந்தப் பையனின் வீட்டைச் சோதிக்கிறார், ஒன்றும் அகப்படுவதில்லை. தெருவே அவன் பக்கம் நிற்கிறது. அதோடு அந்த வீட்டைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒற்றை அறை, அம்மா அடுப்படியில். திருடியவன் வீடு பறிகொடுத்தவன் வீட்டைவிட மோசமாக இருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அன்டோனியோ தெருவில் இறங்கி நடக்கிறானே, அந்தத் தவிப்பு உங்களுக்கும் வந்திருக்கிறது.

கேள்வி: கடைசியில் சைக்கிள்காரர் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார். இது கொஞ்சம் சினிமாத்தனம் இல்லையா? சிறைக்கு அனுப்பியிருந்தால் இன்னும் உண்மையாக இருந்திருக்குமே? (ஓய்வு பெற்ற எழுத்தர்)

பதில்: ஐயா, நான் முழுக்க மாறுபடுகிறேன். சிறைக்குப் போயிருந்தால் அன்டோனியோ தப்பித்திருப்பான் என்றே சொல்வேன்.

நடப்பதை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கால்பந்து மைதானத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கின்றன. உள்ளேயிருந்து கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது. சற்றுத் தள்ளி ஒரு வாசலோரம் தனியாக ஒரு சைக்கிள். அன்டோனியோ உட்காருகிறான், எழுந்திருக்கிறான், தொப்பியைக் கழற்றி மாட்டுகிறான். பிறகு மகன் கையில் காசைக் கொடுத்து டிராமில் போகச் சொல்கிறான். தான் செய்யப்போவதை அந்தப் பிள்ளை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் கேட்பது. புரூனோ டிராமைத் தவறவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் கூட்டம் துரத்திக்கொண்டு வருகிறது. பிடித்து அறைகிறார்கள், தொப்பி கீழே விழுகிறது. புரூனோ அழுதுகொண்டே அந்தத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான்.

சைக்கிள்காரர் பார்ப்பது அந்தப் பிள்ளையை. "விட்டுவிடுங்கள்" என்கிறார். தண்டனை கிடைத்திருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். இப்போதோ அன்டோனியோ மகனின் பக்கத்திலேயே வீடு வரைக்கும் நடந்தாக வேண்டும். அழுகிறான். புரூனோ கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் ஜனக்கூட்டத்தில் கலந்து போகிறார்கள். வேலைக்கு என்ன ஆயிற்று, மரியாவிடம் என்ன சொன்னான், எதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்தப் படத்தை 'பைசிக்கிள் தீஃப்' என்று ஒருமையில் பெயர் வைத்து வெளியிட்டார்கள். இத்தாலியப் பெயர் பன்மை, 'சைக்கிள் திருடர்கள்'. தயவுசெய்து பன்மையிலேயே சொல்லுங்கள். ஒருமையில் சொன்னால் படம் பாதியாகிவிடுகிறது.

கேள்வி: அன்டோனியோவாக நடித்தவர் பெரிய நடிகரா? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: இல்லை. லம்பெர்தோ மஜோரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், அங்கத்திய பிரபல நடிகர் கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்றபோது டி சிகா ஒத்துக்கொள்ளவில்லை. மஜோரானியின் நடையைப் பாருங்கள், அந்தத் தோள்களைப் பாருங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்த உடம்பு அது. சிறுவன் என்ஸோ ஸ்டயோலாவையும் டி சிகா தெருவில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு நடுவில்தான் கண்டுபிடித்தார்.

படத்துக்குப் பிறகு நடந்தது எனக்கு ஆறவே இல்லை. மஜோரானி பழைய வேலைக்கே திரும்பினார். ஆட்குறைப்பு வந்தபோது அவர் வேலை போயிற்று. சினிமாவில் சம்பாதித்தவன்தானே என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். அதன் பிறகு சின்னச் சின்ன வேடங்கள் வந்தன, போதவில்லை. உலகமே கொண்டாடிய அந்த வேலையில்லாதவன் நிஜமாகவே வேலையில்லாதவன் ஆனார்.

கேள்வி: இதே கருவில் வேறு என்ன படம் பார்க்கலாம்? (மூன்று வாசகர்கள்)

பதில்: பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953). டி சிகாவின் பாதிப்பில் எடுக்கப்பட்டது, ஆனால் நகல் அல்ல. கடனுக்குப் போகவிருக்கும் நிலத்தைக் காப்பாற்ற கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கிறான் ஒரு விவசாயி. பல்ராஜ் சாஹ்னி நடித்தது. இங்கே திருட்டில் இறங்குவது மகன், அப்பாவுக்காக. தெரிந்ததும் அப்பா அவனை அடிக்கிற அடி இருக்கிறதே, தன்னைத்தானே அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

பார்க் சான்-வூக்கின் 'நோ அதர் சாய்ஸ்' (2025) நேர் எதிர்த் துருவம். காகித ஆலையில் வேலை போன குடும்பஸ்தன், தன்னோடு அதே வேலைக்குப் போட்டியிடக்கூடியவர்களைக் கொலை செய்யக் கிளம்புகிறான். திறமையான படம். ஆனாலும் என் மனது முந்தைய இரண்டு படங்களிடம்தான் திரும்பிப் போகிறது. கொலை வரைக்கும் போனவனை நான் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட முடிகிறது. ஒரே ஒரு சைக்கிளுக்குக் கை நீட்டியவனிடமிருந்து அப்படித் தள்ளி உட்கார முடிவதில்லை.

கேள்வி: எனக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. மகனுக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனைவி எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்கலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் நீங்களும் மனைவியும் மட்டும் பாருங்கள். மகனோடு பார்ப்பதை உங்களுக்கு வேலை கிடைக்கும் வரை தள்ளிப்போட்டாலும் தவறில்லை. படம் எங்கும் போய்விடாது.

மகனோடு பார்க்கத்தான் வேண்டும் என்றால் நடுவில் வரும் சாப்பாட்டுக் கடைக் காட்சியைச் சேர்ந்து பாருங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அன்டோனியோ கோபத்தில் புரூனோவை அறைந்துவிடுகிறான். பிள்ளை விலகி விலகி நடக்கிறது. ஆற்றில் ஒரு பையன் மூழ்குகிறான் என்ற கூச்சல் கேட்டு அப்பா பதறி ஓடுகிறான். அது வேறு பையன். உடனே இருக்கிற காசுக்கு மகனைச் சாப்பிடக் கூட்டிப்போகிறான். அங்கே உட்கார்ந்து, வேலை கையிலிருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று மகனிடம் பென்சிலைக் கொடுத்துக் கணக்குப் போட வைக்கிறான். அப்பா மறைக்காமல் கணக்கை முன்னால் வைக்கிறார், பிள்ளை கூட்டிப் பார்க்கிறான். உங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்திருந்தது. அப்பா வேலை கேட்டுப் போகிற இடங்களுக்கு என்னையும் கூட்டிப்போய் வாசலில் நிறுத்துவார். வெளியே வருகிறவரின் நடையைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்வேன். அவராகச் சொல்லட்டும் என்று பேசாமல் வருவேன். அவர் சொன்னதில்லை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிய பிறகு ஒரு நாள் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பயந்துகொண்டேதான் காட்டினேன். அடகுக் கடைக் காட்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மைதானக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்து வெகு நேரம் பேச்சே இல்லை. இரவு சாப்பிடும்போதுதான், தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்: "அந்தப் பையன் சைக்கிள்ல ஒடுக்கு விழுந்ததைக் கவனிச்சான் பாத்தியா? நீயும் அண்டா போனதைக் கவனிச்சேதானே?"