குப்பை போடுவது யார்?

வணக்கம்.

பெருநிறுவனங்கள் சமூகத்தை ஆட்டிவைக்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. எந்த நிறுவனமும் நம் கழுத்தில் கத்தி வைத்து எதையும் வாங்கச் சொல்வதில்லை. நாம் கேட்பதை அவர்கள் விற்கிறார்கள், அவ்வளவுதான். குப்பை போடுவதும் புகை விடுவதும் நாம்தான். நான் கடைக்குத் துணிப்பையோடு போகிறவன். எல்லோரும் இப்படித் திருந்திவிட்டால் நிறுவனங்கள் தாமாகவே வழிக்கு வராதா? இல்லை, நான் செய்வதெல்லாம் வீண் என்கிறீர்களா?

கா.

அன்புள்ள கா.,

'குப்பை போடுவது நாம்தான்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நம் எல்லோருக்கும் சொந்தமாகத் தோன்றிய எண்ணம் போலத்தான் அது இருக்கிறது. ஆனால் அதைப் பரப்புவதற்குக் காசு செலவழித்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் முன்பெல்லாம் பீர், குளிர்பான பாட்டில்களைக் குடித்தவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். நிறுவனம் கழுவி மறுபடி நிரப்பும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தூக்கி எறியும் பாட்டிலும் டப்பாவும் பெருகின. திருப்பி எடுத்துவந்து கழுவுகிற செலவு நிறுவனத்துக்கு மிச்சம், பொறுக்கி அள்ளுகிற செலவு ஊர்க்காரர்கள் தலையில். வைக்கோலோடு சேர்த்து மாடுகள் கண்ணாடிச் சில்லை விழுங்குகின்றன என்று வெர்மான்ட் மாநில விவசாயிகள் புகார் சொன்னார்கள். 1953இல் அந்த மாநிலம், திருப்பித் தர முடியாத பாட்டில்களில் பீர் விற்பதைத் தடைசெய்தது.

அதே 1953இல்தான் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற தூய்மை இயக்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் அமெரிக்கன் கேன், ஓவன்ஸ் இல்லினாய் ஆகிய நிறுவனங்கள் உண்டு. ஒன்று டப்பா செய்வது, இன்னொன்று பாட்டில் செய்வது. கண்ட இடத்தில் குப்பை போடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினார்கள். இத்தனை குப்பையை ஏன் உற்பத்தி செய்கிறீர்கள் என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. வெர்மான்ட் மாநிலமோ தன் சட்டத்தை 1957இல் காலாவதியாக விட்டுவிட்டது.

1971இல் அதே இயக்கம் ஒரு விளம்பரம் எடுத்தது. தொல்குடி உடையணிந்த ஒருவர் படகில் வந்து இறங்கி, குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். மாசைத் தொடங்குவது மனிதர்கள், நிறுத்த வேண்டியதும் அவர்களே என்று ஒரு குரல் சொல்லும். (அழுத நடிகர் இத்தாலிய வம்சாவளி. அது தனிக்கதை.) பின்னாளில் பிபி எண்ணெய் நிறுவனம், உங்கள் கார்பன் தடம் (அதாவது உங்களால் காற்றில் சேரும் கரிப்புகை) எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள இணையத்தில் ஒரு வசதி செய்து கொடுத்தது. எண்ணெய் விற்பவர் நம்மிடம் கணக்குக் கேட்கிறார்!

தேர்தல் நிதி, அதிகாரிகளைக் கவனிப்பது எல்லாம் தெரிந்த விஷயம். எப்போதாவது அம்பலமாகும், ஒரு வாரம் பேசுவோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பழி யார் மேல் விழ வேண்டும் என்பதை நிறுவனங்களே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவதுதான்.

சரி, பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இருக்கலாமே என்பீர்கள். ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்குள் எரிபொருள் தாறுமாறாக எரிந்து 'டக் டக்' என்று தட்டுவதை ஈயக் கலவை நிறுத்தும் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த சங்கதி. அதனால் 'எத்தில்' என்று பெயர் வைத்து, ஈயம் என்ற பேச்சே எடுக்காமல் விற்றார்கள். 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது, ஐந்து பேர் இறந்தார்கள். அதைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்த ஈயத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். அவரே அதற்கு முந்தைய ஆண்டு உடம்பில் ஈய நஞ்சு ஏறியதால் ஓய்வெடுத்தவர். வாகனங்களுக்கு அதை விற்பது உலகத்தில் கடைசியாக நின்றது 2021இல், அல்ஜீரியாவில். இடைப்பட்ட காலத்தில் காரே இல்லாதவர்களின் ரத்தத்திலும் அந்த ஈயம் ஏறியது. சாலையோரம் விளையாடிய ஒரு குழந்தை எதை வாங்காமல் இருந்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

நிறுவனம் என்றாலே அரக்கன் என்று நான் சொல்லவில்லை. 1959இல் வந்த மூன்று முனை சீட் பெல்ட்டை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ கார் நிறுவனம் விட்டுக்கொடுத்தது. ஆனால் பல நாடுகளில் மக்கள் அதை மாட்டிக்கொண்டது சட்டம் வந்த பிறகுதான்.

அப்புறம், உங்கள் துணிப்பை. வீணில்லை, தாராளமாக எடுத்துப்போங்கள். ஆனால் அந்தக் கண்ணீர் விளம்பரம் வந்த 1971லேயே ஓரிகன் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பாட்டிலையும் டப்பாவையும் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும், அப்போது பெரும்பாலும் 5 சென்ட். சாலையோரம் கிடந்த பாட்டில்களும் டப்பாக்களும் வெகுவாகக் குறைந்தன. யாரும் மனம் திருந்தவில்லை, அதே மக்கள்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றவர்களில் அமெரிக்கன் கேனும் ஒன்று. இதுபோன்ற சட்டம் எங்காவது பேச்சுக்கு வந்தால், துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அதை எதிர்ப்பவர்கள் யார், அவர்கள் எந்தத் தூய்மை இயக்கத்துக்கு நன்கொடை தருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.