கேளுங்க சார்! – திசை தப்பும் ட்ரோனும் ஸ்கேன் கணக்கும்

கேள்வி: நாங்கள் செய்த சின்ன ட்ரோனில் காந்த சென்சார் வடக்கைத் தப்பாகக் காட்டுகிறது. எலிப்சாய்டு பொருத்தித் திருத்தலாம் என்றார்கள். மொட்டை மாடியில் மேசைமேல் வைத்துச் சுற்றி ஆயிரக்கணக்கில் புள்ளிகள் எடுத்தும் தடவைக்கு ஒரு விடை வருகிறது.
– பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: ப்ரோகிராமைத் திட்டாதே தம்பி, கோளாறு அந்த மேசையில்தான். பக்கத்தில் இரும்பே இல்லையென்றால் சென்சாரை எப்படித் திருப்பினாலும் புவிக்காந்தப் புலத்தின் அளவு ஒன்றுதான், வேலூர் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதனால் ஒவ்வொரு அளவீட்டையும் மூன்று அச்சில் ஒரு புள்ளியாகக் குறித்தால் புள்ளிகளெல்லாம் ஒரு கோளத்தின் மேல் உட்காரும். ட்ரோனிலேயே இருக்கிற காந்தம் அந்தக் கோளத்தின் மையத்தை நகர்த்திவிடும். சாதா இரும்பு, நாலா பக்கமும் வெவ்வேறு அளவில் அமுக்கிய ரப்பர் பந்து மாதிரி அதை நசுக்கிவிடும். அதுதான் எலிப்சாய்டு. மையத்துக்கு 3, அச்சு நீளங்களுக்கு 3, சாய்வுக்கு 3 என்று மொத்தம் 9 எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசைமேல் சுற்றினால் புள்ளிகள் ஒரே தளத்தில் ஒரு வளையமாகத்தான் விழும். அந்த ஒரு வளையத்தின் வழியாக எத்தனை எலிப்சாய்டு வேண்டுமானாலும் வரையலாம், எதை எடுப்பது என்று கடைசியில் முடிவு செய்வது உன் சென்சாரின் இரைச்சல், அதாவது அளவீட்டில் வரும் சின்னச் சின்னத் தடுமாற்றம். அதிலும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போவதால் நம் ஊரில் புலம் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில்தான் இருக்கிறது, மேல்-கீழ் அச்சுக்கு மேசையில் வேலையே இல்லை. சாதாரண மீச்சிறு வர்க்க முறையில் (புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் பரப்பைத் தேடும் கணக்கு) இப்படிப்பட்ட புள்ளிகளைப் போட்டால் மூடாத கிண்ணம் போன்ற பரப்பு கூட விடையாக வரும். எலிப்சாய்டு மட்டுமே வரும்படி லீ, கிரிஃபித்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு முறை கொடுத்தார்கள். அதைப் போட்டால் எலிப்சாய்டு நிச்சயம் வரும், ஆனால் சரியான எலிப்சாய்டா என்பதற்கு அது பொறுப்பில்லை!

மாடி கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. பாலாற்று மணலுக்குப் போ. பைக்கைத் தள்ளி நிறுத்து, சாவியையும் போனையும் நண்பனிடம் கொடு. அப்புறம் ட்ரோனை மூக்கு மேலே, மூக்கு கீழே, இரண்டு பக்கமும், தலைகீழாகவும் பிடித்து மெதுவாகச் சுற்று. பொருத்தியபின் பரப்பிலிருந்து ரொம்ப விலகி நிற்கிற புள்ளிகளை எடுத்துவிட்டு மறுபடி பொருத்து. திருத்திய அளவீடுகளின் நீளம் எல்லாத் திசையிலும் ஒன்றாக வந்தால் சரி.

மோட்டார் ஓடும்போது மட்டும் திசை தப்பினால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. கரண்ட் ஏற இறங்க அந்தக் காந்தப்புலமும் மாறும். சென்சாரை ஒரு குச்சியில் உயர்த்தி, ஒயர்களை விட்டுத் தள்ளி வை.

கேள்வி: புராஸ்டேட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 4.5 x 3.8 x 4.0 செ.மீ., 35.6 சி.சி. என்று இருக்கிறது. பெருக்கினால் 68.4 வருகிறதே, தப்பா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: தப்பில்லை ஐயா. நீங்கள் கண்டது பெட்டியின் கன அளவு. சுரப்பியை எலிப்சாய்டாக வைத்துக்கொண்டு 0.52-ஆல், அதாவது π (பை, சுமார் 3.14) என்ற எண்ணில் ஆறில் ஒரு பங்கால், பெருக்குகிறார்கள். இதிலும் புள்ளிகள் குறைவு, மூன்றே அளவுகள். 4.0 என்பதை இன்னொருவர் 4.3 என்று அளந்தால் 38 சி.சி. ஆகிவிடும். அடுத்த ஸ்கேனில் இரண்டு மூன்று சி.சி. கூடியிருந்தால் அளப்பதில் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள்.