வைரஸின் மரபணுவைப் படித்து யாருக்கு என்ன பயன்?

கேள்வி: மழை நேரத்தில் என் மகனுக்கு சிக்குன்குனியா வந்தது. நோய் உறுதியான பிறகும் 'மரபணு ஆய்வு' என்று இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை ஒன்றும் மாறவில்லை. அப்புறம் எதற்கு அந்த ரத்தம்? எங்கள் மரபணுவையும் பார்த்துவிடுவார்களா?
- பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். வைரஸின் மரபணுவில் மட்டும் ஒட்டும் துணுக்குகளைப் போட்டுத்தான் அதைப் பெருக்கிப் படிப்போம். உங்கள் மகனுடைய மரபணு அதில் வராது. மாத்திரை மாறாததும் சரிதான். இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது.

பயன் உங்கள் ரப்பர் விளைக்கு. சிக்குன்குனியா 1963-ல் கொல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவியது. பல வருடம் ஓய்ந்து கிடந்து 2005 கடைசியில் திரும்பியது. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸைப் படித்தபோது, அது பழைய ஆசிய வகை அல்ல, ஆப்பிரிக்க வகை என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய செய்தி அடுத்து வந்தது. அந்த மரபணுவின் சுமார் 11,800 எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், இ1 என்ற உறைப் புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற வேறொன்று வந்திருந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தென்பட்ட இந்த மாற்றம் 2007-ல் கேரளத்திலும் தெரிந்தது. இது வந்த வைரஸ், ஈடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவின் உடம்பில் எளிதாகப் பெருகும். வீட்டையே சுற்றும் ஈடிஸ் எஜிப்தி போல அல்ல இது. மரநிழலும் செடிகொடியும் உள்ள இடத்தில் பகலில் கடிக்கும். குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் அப்படிப்பட்ட இடத்துக்கா பஞ்சம்? வீட்டுத் தொட்டியையும் ஆட்டுக்கல்லையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் போதாது, விளைக்குள்ளும் இறங்க வேண்டும் என்று சொல்ல நமக்கு ஆதாரம் தந்தது அந்த ஓர் எழுத்துதான். நோயாளிகள் ரத்தம் கொடுக்காமல் அது கிடைத்திருக்காது. உங்கள் மகன் செய்தது பெரிய உதவி.

வெட்டு நின்ற நாட்களில், மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். கொசு முட்டை சிரட்டையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டியதோடு விடாமல் தேய்த்துக் கழுவுங்கள். கூட வேலை செய்பவர்கள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் சில நாட்களிலேயே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கும், படிக்க வைரஸ் இருக்காது. எந்த விளையில் வேலை பார்த்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதிக் கொடுக்கட்டும்.