பாபதாவின் தோல்பை

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூதப் போரைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிய நூலைப் படித்து முடித்தேன். ஓய்வுநாளையும் ஆலய வழிபாட்டையும் அனுமதித்த ரோமைப் போன்ற தாராளமான பேரரசை எதிர்த்து, கி.பி. 66-இலும் மறுபடி 132-இலும் கிளர்ந்தெழுந்து அழிந்ததற்கு யூதர்களின் மதப் பிடிவாதம்தானே காரணம்? ஜோசிபஸைத் துரோகி என்று கொள்வதா, விவேகி என்று கொள்வதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு பெண்ணை உங்கள் கடிதம் மீண்டும் நினைவூட்டியதால் உடனே எழுதுகிறேன். ஜோசிபஸ் துரோகியா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். அந்தப் போரில் ரோமரிடம் சரணடைந்து, வென்றவர்களின் தயவில் ரோமில் அமர்ந்து எழுதியவர் அவர் என்பதை மறவாமல் படித்தால் போதும்.

ஆனால் 'தாராளம்', 'பிடிவாதம்' என்னும் சொற்களை நீங்கள் இத்தனை எளிதாகக் கையாண்டது எனக்கு வருத்தமளிக்கிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் எரிந்தபின், அதற்கு யூத ஆண்கள் ஆண்டுதோறும் செலுத்திவந்த அரை சேக்கல் நாணயக் காணிக்கையைப் பேரரசன் வெஸ்பாசியன் வரியாக்கி, ரோமின் ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பினான். பெண்களும் அதைக் கட்ட வேண்டியதாயிற்று. மூன்று வயதுக் குழந்தைகளும் அதற்குத் தப்பவில்லை என்பதை எகிப்தின் எட்ஃபூவில் கிடைத்த ரசீது ஓடுகள் காட்டுகின்றன. பேரரசன் டொமீஷியன் காலத்தில், இந்த வரிக்காக, 90 வயது முதியவர் ஒருவர் யூதரைப்போல் விருத்தசேதனம் செய்துகொண்டவரா என்று கூட்டம் நிறைந்த மன்றத்தில் சோதிக்கப்பட்டதை இளமையில் நேரில் கண்டதாக ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். இதைச் செய்த அரசைத் தாராளமானது என்று எழுதும்போது உங்கள் கை சற்றேனும் தயங்கியிருக்க வேண்டாமா?

ஒரு பேரரசை அறிய வேண்டுமானால், அதன் கீழ் வாழ்ந்தவர்கள் எதைப் பத்திரப்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும் என நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். 1961-இல் சாக்கடலின் மேற்கே, நஹால் ஹெவர் பள்ளத்தாக்கின் குகையொன்றில், தொல்லியலாளர் யிகேல் யாடினின் குழு ஒரு தோல்பையைக் கண்டெடுத்தது. அதில் பாபதா என்ற யூதப் பெண்ணின் 35 ஆவணங்கள் இருந்தன. எழுதத் தெரியாத அவள் பிறரைக் கொண்டு எழுதுவித்தவை அவற்றுள் உண்டு. 127-ஆம் ஆண்டு டிசம்பரில் ரோமின் அரேபிய மாகாணத்து ரபாத் மோவாப் நகருக்குச் சென்று, தன் நான்கு பேரீச்சந் தோப்புகளையும் அவற்றுக்கான வரியையும் பதிவுசெய்து, பேரரசனான சீசரின் நற்பேற்றின்மீது அவள் ஆணையிட்டாள். 'பிடிவாதக்காரர்கள்' என்று நீங்கள் எழுதிய மக்களில் ஒருத்திதான் அவளும்.

அவளுடைய முதல் கணவன் இறந்தபின், அவர்களுடைய மகனுக்கு பெட்ரா நகரசபை இரு காப்பாளர்களை நியமித்தது. ஒருவர் யூதர், மற்றவர் அப்பகுதியின் அரபு இனத்தவரான நபாத்தேயர். பையனின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தெனாரியம் என்னும் ரோம வெள்ளிக்காசு மட்டுமே அவர்கள் கொடுத்தார்கள். அவள் ரோம ஆளுநரிடம் முறையிட்டாள். 'என் சொத்தை ஈடு வைக்கிறேன், பணத்தை என்னிடம் தாருங்கள், மும்மடங்கு வட்டி தருகிறேன், என் மகன் சிறப்பாக வளரட்டும்' என்பதே அவள் வைத்த கோரிக்கையின் சாரம். அந்தத் தாயின் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. எந்த அரசு அவளிடம் வரி வாங்கியதோ, அதே அரசின் சட்டத்தைக் கொண்டே தன் பிள்ளையின் உரிமையைக் கேட்க அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கடைசி ஆவணத்தின் தேதி 132 ஆகஸ்ட். பேரரசன் ஹேட்ரியனுக்கு எதிராக யூதக் கிளர்ச்சித் தலைவன் பார் கோக்பாவின் போர் மூண்டபோது அவளும் அந்தக் குகைக்கு ஓடினாள். பார் கோக்பாவின் கடிதங்களும் அங்கேயே கிடைத்தன. போரின் நடுவிலும் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குக் குருத்தோலையும் எலுமிச்சை இனக் கனியும் அனுப்பச் சொல்லும் கடிதமும் அவற்றில் ஒன்று. மேலே பாறை விளிம்பில் ரோமப் படை முகாமிட்டிருந்தது. குகைக்குள் எலும்புக்கூடுகளோடு வீட்டுச் சாவிகளும் கிடந்தன.

அனாதைப் பிள்ளையின் காப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதற்கான ரோமச் சட்ட வாசகத்தைக் கிரேக்கத்தில் எழுதுவித்து, மூன்று பிரதிகள் வைத்திருந்தாள் பாபதா. மூன்றையும் அந்தப் பையில் வைத்து, அதைக் குகையின் இடுக்கில் ஒளித்திருந்தாள்.