ஒரு முன் டயர் மட்டும் உள்பக்கம் தேய்ந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: என்னுடைய கார் முன்சக்கர இயக்கம் கொண்ட ஹேட்ச்பேக். முன் டயர்கள் போட்டு 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. இடது டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது. வெளிவிளிம்பில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. வலது டயரிலும் உள்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. நடுவில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தேன். இரண்டு முறையும் கம்ப்யூட்டர் அறிக்கையில் எல்லாம் பச்சை. இப்போது டயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் தீர்ந்துவிடுமா?

பதில்: டயரை மட்டும் மாற்றினால் தீராது. புது டயரும் இதே இடத்தில், இதே வேகத்தில் தேயும். மூன்றாவது முறை அலைன்மென்ட் செய்வதாலும் பலன் இருக்காது. உங்கள் வண்டியின் இடது முன்பக்கத்தில் ஏதோ ஒரு பாகம் ஆடுகிறது அல்லது வளைந்திருக்கிறது என்பதுதான் நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்து எனக்குத் தோன்றுவது. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் டயரும் அலைன்மென்ட்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. முன் டயரின் விளிம்பைத் தின்னும் காரணங்களில் முதன்மையானது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா, உள்ளே குவிந்து பார்க்கின்றனவா, வெளியே விரிந்து பார்க்கின்றனவா என்பதுதான் டோ. ஒரு சக்கரம் அரை டிகிரி தப்பாகத் திரும்பி நின்றாலே, வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபடுகிறது. 15 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே அளந்தால் அந்த அரை டிகிரி சுமார் 3.3 மில்லிமீட்டர்தான், கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது.

ஆனால் டோவுக்கு ஒரு குணம் உண்டு. இடது பக்க டை ராட் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கம்பி) மட்டும் தப்பாக இருந்தாலும், வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் தானாகவே சற்றுத் திரும்பி, அந்தத் தப்பை இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுவிடும். அதனால் வெறும் டோ பிரச்சினை என்றால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், இரண்டு முன் டயர்களும் ஒரே மாதிரி தேயும். உங்கள் வலது டயரில் தெரியும் லேசான உள்பக்கத் தேய்மானத்துக்கு டோ காரணமாக இருக்கலாம். இடது டயர் மொட்டையானதற்கு அது மட்டும் போதாது. அங்கே கேம்பரும் சேர்ந்திருக்க வேண்டும், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது அந்தச் சக்கரத்தின் தலைப்பகுதி அளவுக்கு மேல் உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். கேம்பர் தனியாகக் கெட்டால் டயர் மெதுவாகத்தான் தேயும். சக்கரங்கள் வெளியே விரிந்திருப்பதும் கேம்பர் உள்ளே சாய்ந்திருப்பதும் ஒரே சக்கரத்தில் சேர்ந்துவிட்டால்தான் 18,000 கிலோமீட்டரிலேயே உள்விளிம்பு காலியாகும்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தினால் டயரின் உள்பகுதி ஓரளவு தெரியும். தெரியாத இடத்துக்கு மொபைல் கேமராவை நீட்டிப் படம் எடுங்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் ட்ரெட் ஆழத்தை, அதாவது பட்டனுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழத்தை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைக் கொஞ்சம் உருட்டி இன்னும் இரண்டு மூன்று இடங்களில் அதே மாதிரி அளக்க வேண்டும். புது டயரில் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சின்ன ரப்பர் மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. ட்ரெட் அதோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. உள்விளிம்பில் துணியிழையோ கம்பியோ தெரிகிறது என்றால் இனிச் சொல்லப்போகும் சோதனை எதுவும் வேண்டாம், அந்த டயரில் இனி ஓட்டாதீர்கள். ஸ்டெப்னி போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

அளந்த பிறகு கையால் தடவிப் பார்க்க வேண்டும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் ஒரு மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொள்வது நல்லது. ட்ரெட்டின் மேல் உள்ளங்கையை வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கும், அப்புறம் உள்ளிருந்து வெளியேயும் குறுக்காக நகர்த்துங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பத்தைத் தடவுவது போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகும்போது சொரசொரப்பு கையில் தட்டினால் சக்கரங்கள் வெளியே விரிந்திருக்கின்றன. உள்ளிருந்து வெளியே வரும்போது தட்டினால் உள்ளே குவிந்திருக்கின்றன. எந்தத் திசையிலும் சொரசொரப்பே இல்லாமல் ஒரு விளிம்பு மட்டும் சரிவாக வழுக்கியிருந்தால் அது கேம்பர். உங்கள் இடது டயரில் இரண்டும் கலந்து தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

மற்ற தேய்மான வகைகள் உங்களுக்குப் பொருந்தாது, இருந்தாலும் குழப்பம் வராமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். டயரைச் சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகள் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் சோர்ந்துவிட்டது அல்லது வீல் பேலன்ஸ் கெட்டிருக்கிறது. வளைவுகளில் வேகமாகத் திரும்பும் பழக்கம் இருந்தால் இரண்டு முன் டயர்களின் வெளிவிளிம்பும் தேயும். அதற்கு வண்டியில் எந்தக் கோளாறும் தேவையில்லை.

சரி, டயர் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது அறிக்கையில் ஏன் எல்லாம் பச்சை? அலைன்மென்ட் கருவி வண்டியை நிறுத்தி வைத்து அளக்கிறது. டயர் தேய்வது ஓடும்போது. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற கையின் ரப்பர் புஷ் (அது மாட்டியிருக்கும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை) கிழிந்திருந்தால், வண்டி நிற்கும்போது ஆர்ம் தன் இடத்தில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கும். பிரேக் மிதித்ததும் சக்கரம் பின்னுக்கு இழுபடும், ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் முன்னுக்கு வரும். ஒவ்வொரு முறையும் டோவும் கேம்பரும் மாறும். கருவி இதைப் பார்ப்பதே இல்லை. முன்சக்கர இயக்க வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது என்பதால் இந்தப் புஷ் சீக்கிரம் அடிவாங்குகிறது. ஒரு டயர் மட்டும் உள்பக்கம் தேயும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், குறிப்பாக ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ்ஷை.

பச்சை நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறம் சொல்வது, அளவு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்த எல்லை கேம்பருக்குச் சில வண்டிகளில் ஒரு டிகிரிக்கு மேல் அகலமாக இருக்கும். இடது சக்கரம் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் நின்றால்கூட இரண்டும் பச்சைதான். அதனால் நிறத்தை விட்டுவிட்டு எண்களைப் படியுங்கள். இடது, வலது கேம்பர்களுக்கு இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். அப்புறம், சரிசெய்வதற்கு முன் இருந்த அளவுகளும் அறிக்கையில் இருக்கின்றனவா பாருங்கள். கடைசி அளவை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் வண்டி எந்த நிலையில் வந்தது என்பதே தெரியாமல் போய்விடும். உங்கள் இரண்டு அறிக்கைகளும் கையில் இருந்தால் ஒன்றை ஒப்பிடுங்கள்: முதல் முறை சரிசெய்துவிட்ட டோ, இரண்டாம் முறை வண்டி வந்தபோது மறுபடி மாறியிருந்ததா? மாறியிருந்தால் ஏதோ பாகம் தளர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது, பாதுகாப்பு மட்டும் முக்கியம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு). இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டும்போது ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். இப்போது சக்கரத்தின் இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக்கில் இருந்து வருவது. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருப்பது உறுதியானால் டயரைப் பற்றிய கவலையைத் தள்ளி வையுங்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்து விழும். மாற்றும் வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

லோயர் ஆர்ம் புஷ் கையால் ஆட்டினால் சிக்காது. மெக்கானிக் ஒரு கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு திறப்பது அப்போதுதான் தெரியும். ஒர்க்‌ஷாப் போகும் முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆளில்லாத திறந்த இடத்தில் ஒருவர் நடைவேகத்தில் வண்டியை முன்னே நகர்த்திச் சட்டென்று பிரேக் பிடிக்கட்டும், அப்புறம் ரிவர்ஸில் அதேபோல். நீங்கள் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று இடது முன் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சக்கரம் முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டொக்’ என்று சத்தம் வந்தாலோ புஷ் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்.

எதிலும் ஆட்டம் இல்லை, ஆனால் இடது கேம்பர் மட்டும் தப்பு என்றால் வளைவைத் தேட வேண்டும். பெரிய பள்ளத்தில் இறங்கியதோ நடைபாதை விளிம்பில் இடித்ததோ நினைவுக்கு வருகிறதா? சமதளத்தில், டயர்களில் காற்று சரியாக இருக்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இடது பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம், சில சமயம் அதன் கடைசிச் சுற்று உடைந்தே போயிருக்கும். உயரம் சரியாக இருந்தால் அலைன்மென்ட் கடையில் ‘இன்க்ளூடட் ஆங்கிள்’ (கேம்பரையும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வையும் கூட்டிய கோணம்) என்ற அளவைக் கேளுங்கள். நல்ல கருவிகள் அதைக் காட்டும், கேட்காமல் யாரும் அச்சிட்டுத் தருவதில்லை. கேம்பர் குறைந்து (அதாவது சக்கரத்தின் தலைப்பகுதி கூடுதலாக உள்ளே சாய்ந்து), இந்த அளவும் இடதுபக்கம் குறைந்திருந்தால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் சேர்ந்த தூண்) அல்லது நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும் உலோகப் பாகம்) வளைந்திருக்கிறது. இந்த அளவு சரியாக இருந்து கேம்பர் மட்டும் தப்பாக இருந்தால், ஸ்ட்ரட்டின் மேல்முனை உட்காரும் டவரோ, லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டமோ நகர்ந்திருக்கலாம். சப்ஃபிரேம் ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு சக்கரத்தில் கேம்பர் குறைந்த அளவுக்கு மறு சக்கரத்தில் கூடியிருக்கும். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். சமீபத்தில் ஷாக் அப்சார்பர் மாற்றியிருந்தால் இன்னும் எளிய காரணம் இருக்கிறது. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் போல்ட் துளைகளில் சிறிது இடைவெளி உண்டு. இறுக்கும்போது நக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ கேம்பர் அப்படியே நின்றுவிடும்.

பாகம் மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இதைச் செய்யாததால் புது புஷ் சில மாதங்களில் போய், பாகத்தின் மேல் பழி விழுகிறது.

அதன் பிறகு நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட். முன் இரண்டுக்கு மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; பின் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அதை வைத்துத்தான் முன் டோவை அமைக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குக் காற்று பிடித்துவிட்டுப் போங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச வரம்பு, நீங்கள் பிடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. உங்கள் வண்டியில் முன் கேம்பரைத் திருப்பிச் சரிசெய்ய வழியே இல்லாமலும் இருக்கலாம், நிறையச் சின்ன கார்களில் அப்படித்தான். ‘அட்ஜஸ்ட் பண்ண முடியாது, விட்டுவிடுங்கள்’ என்று கடையில் சொன்னால், காரணமான பாகத்தை மாற்ற வேண்டும் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் வாங்கும்போது முன்பக்கத்துக்கு இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புது ஜோடியைப் பின்னால் போட்டு, பின்னால் இருக்கும் நல்ல டயர்களை முன்னே கொண்டுவருவதே என் பரிந்துரை. ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைப் பிடிக்க முடியாது, முன்பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் முடியும். பழைய இடது டயரை வேறு இடத்துக்கு மாற்றி ஓட்ட நினைக்காதீர்கள்; சரிவாகத் தேய்ந்த டயர் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், புதிதாகச் செய்த அலைன்மென்ட்டையே சந்தேகப்பட வைக்கும்.

போட்ட அன்றே முன் டயர்களின் உள், நடு, வெளி ஆழங்களை அளந்து தேதியோடும் கிலோமீட்டரோடும் குறித்துவிட்டு, 3,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி அளங்கள். எந்த டயரிலாவது உள்விளிம்பு, வெளிவிளிம்பைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தால் இரண்டு குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் காட்டுங்கள்.