கவுனி, காரைச் சுவர், காரம்: உயிர்வேதியியல் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் உயிர்வேதியியலைத் தொட்டவற்றை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லும் உத்தேசம் இல்லை.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: சார், உடம்புக்குள் இருக்கிற வேதிப்பொருளுக்கும் ஆய்வகத்தில் செய்வதற்கும் வித்தியாசம் உண்டா?

கிடையாதும்மா. ஒரு காலத்தில் உண்டு என்றுதான் நம்பினார்கள். உயிருக்குள் தனியாக ஒரு சக்தி இருக்கிறது, அது இல்லாமல் கரிமப் பொருள் உண்டாகாது என்றார்கள். 1828இல் ஜெர்மனியின் வோலர், உயிரோடு சம்பந்தமே இல்லாததாகக் கருதப்பட்ட அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை எடுத்துக் காட்டினார். சிறுநீரில் இருக்கிற அதே யூரியா. நம் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் ஆக்சிஜன், 18 கார்பன், 10 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன். கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் மிச்சத்துக்குள் அடக்கம். எது எதோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: கவுனி அரிசி ஏன் இப்படி ஒட்டுகிறது தம்பி? ஊறவைத்த தண்ணீர் ஏன் ஊதாவாகிறது? சர்க்கரைக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்களே?

முதலில் ஒட்டுவது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸைக் கோத்துச் செய்த சங்கிலி. அதில் இரண்டு வகை: கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், கிளைவிட்டுப் பரவும் அமைலோபெக்டின். அமைலோஸ் கூடினால் சோறு உதிரியாக நிற்கும். ஒட்டுகிற அரிசிகளில் அது குறைவு, அமைலோபெக்டின்தான் பெரும்பங்கு.

நிறம் அரிசிக்குள்ளே இல்லை, தவிட்டில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி தண்ணீரில் கரையும். ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்து பாருங்கள், சிவக்கும். சமையல் சோடா போட்டால் நீலத்தை நோக்கிப் போகும். பேரன் பேத்திக்குக் காட்ட நல்ல வித்தை. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்பவர்களுக்கு நிறமும் மிஞ்சும்.

மூன்றாவதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தவிடும் நாரும் இருப்பது நல்லதுதான். ஆனால் எந்த அரிசி மாவுச்சத்தும் குடலில் உடைந்து கடைசியில் குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்குப் போகும். அதோடு சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிவிட்டு அதை மருந்து என்றால் எப்படி ஆச்சி? விசேஷ வீட்டில் இரண்டு கரண்டி சரி. அதற்கு மேல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: எங்கள் வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருப்பதாகச் சொல்வார்கள். அது என்ன வேலை செய்கிறது?

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். புரதம் என்பது பந்தாகச் சுருட்டி வைத்த நூல் மாதிரி. சுருட்டைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் பெரும்பாலானவை பலவீனமானவை. சூடு பட்டால் அவிழ்ந்துவிடும், அவிந்த முட்டையில் நடப்பது அதுதான். கடுமையான காரத்திலும் அப்படியே; மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். நீற்றிய சுண்ணாம்பு நல்ல காரம் என்பதால் அடுப்பு இல்லாமலே அவிழ்த்துவிடும். அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஆனால் முட்டைதான் சுவரைத் தாங்குகிறது என்பது மிகை. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாக மாறுவதே முக்கிய வேலை. அப்புறம் கொத்தனார் தேய்த்த தேய்ப்பு.

புதுவயல், மெஸ் நடத்துபவர்: காரம் தாங்காமல் தண்ணீர் குடிக்கிறார்கள், அடங்கவில்லையே?

அடங்காது. மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நாக்கில் சூட்டை உணரும் ஏற்பியில் போய் அது உட்காருவதால்தான் எரிகிறது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் தூண்டப்படும் அதே ஏற்பி. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கெட்டித் தயிரோ பாலோ கொடுங்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: உப்புக்கண்டம் ஏன் கெடுவதில்லை?

உப்பு கறியிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடும். வெயில் மீதியையும் எடுத்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கெடும், மூடி வையுங்கள்.

அதே மாணவர்: நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் உயிருக்கும் தொடர்பு உண்டா?

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. பேட்டரியும் துருவும் அங்கே பெரிய ஆராய்ச்சி. உன் நரம்பிலும் மின்வேதியியல்தான் நடக்கிறது. நரம்புச் செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்துக்கு அடிப்படை ஒரு புரதம். ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயனியை, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவை, வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கும். அதற்கு ஏடிபி என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு செலவாகும். 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதைக் கண்டறிந்தார், நோபல் பரிசு வந்தது 1997இல். ஏடிபி எங்கிருந்து வருகிறது என்று அடுத்து கேட்பாய். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அடுத்த முறை எழுதுகிறேன்.