சர்வோ கேள்வி-பதில்: பிரேக்கை நம்பி அடியில் நிற்காதீர்கள்

சர்வோ (தன் இடத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டு ஓடும் மோட்டார்) பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நகர்த்த வேண்டிய எடையும் இல்லை, வேகமும் இல்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது. தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

எங்கள் மெஷினுக்கு எத்தனை கிலோவாட் சர்வோ போடலாம்?

எந்த மெஷின்? எத்தனை கிலோவை, எவ்வளவு தூரம், எத்தனை நொடியில் நகர்த்த வேண்டும்? எடை, தூரம், நேரம் மூன்றையும் எழுதாமல் கிலோவாட் கேட்காதீர்கள் என்று போன முறையும் சொன்னேன். கிலோவாட் கணக்கில் கடைசியாக வருவது. 1 கிலோவாட் மோட்டார் 3000 ஆர்பிஎம் ரகமாக இருந்தால் டார்க் (சுற்றும் இழுவை) சுமார் 3.2 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்பிஎம் ரகமாக இருந்தால் 4.8. கிலோவாட் ஒன்றுதான், இழுவையில் ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

ஸ்டெப்பருக்கும் சர்வோவுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாக.

ஸ்டெப்பர் படிப்படியாகச் சுற்றும் மோட்டார்; சொன்ன இடத்துக்குப் போயிருப்போம் என்று நம்பிக்கொள்ளும். சர்வோ, போனோமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

பீக் டார்க் 300 சதவீதம் என்று கேட்டலாக்கில் இருக்கிறது. அப்படியென்றால் சின்ன மோட்டாரே போதாதா?

அது வேகம் பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் வைண்டிங் சூடு நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. ஒரு சைக்கிள் முழுவதற்கும் ஆர்எம்எஸ் டார்க்கை (சூட்டைக் கணக்கில் எடுத்த ஒருவகைச் சராசரி) கணக்கிட்டுப் பாருங்கள். அது ரேட்டட் டார்க்குக்குள், அதாவது மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய டார்க்குக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஓவர்லோட் அலாரம் வரும், நீங்களும் டிரைவ் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி) சரியில்லை என்று எனக்கு எழுதுவீர்கள்.

இனர்ஷியா ரேஷியோ 18 வருகிறது. மோட்டார் எரிந்துவிடுமா?

எரியாது, ஆடும். லோடின் இனர்ஷியா (வேகம் மாற மறுக்கும் குணம்) மோட்டாரின் சுற்றும் பகுதியான ரோட்டருடையதைப் போல் 18 மடங்கு என்றால் நாய் வாலை ஆட்டுவதற்குப் பதில் வால் நாயை ஆட்டுகிறது. 3:1 கியர்பாக்ஸ் போட்டால் இது ஒன்பதில் ஒரு பங்காகும், 18 என்பது 2 ஆகிவிடும். ஆனால் மோட்டார் மூன்று மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டிவரும், அதற்கு இடம் இருக்கிறதா பாருங்கள். அதற்கு முன்னால் கப்ளிங்கை (மோட்டார் ஷாஃப்ட்டை லோடோடு இணைக்கும் துண்டு) பாருங்கள். விறைப்பான கப்ளிங் இருந்தால் இதைவிடப் பெரிய ரேஷியோவும் ஒழுங்காக ஓடும். கப்ளிங் நடுவே உள்ள ரப்பர் ஸ்பைடர் தேய்ந்து கிடந்தால் 5 கூட ஆடும்.

23 பிட் என்கோடர் போட்டும் 0.05 மில்லிமீட்டர் பிசகுகிறது. என்கோடர் பழுதா?

மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடரைத் திட்டாதீர்கள். 23 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 84 லட்சம் கவுண்ட். ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் (சுற்றலை நேர்நகர்வாக்கும் திருகு) ஒரு கவுண்ட் ஒரு நானோமீட்டர் சொச்சம். ஆனால் அது ரெசல்யூஷன் (எண்ணக்கூடிய மிகச் சிறிய அளவு), துல்லியம் அல்ல. என்கோடர் உட்கார்ந்திருப்பது மோட்டாரின் முதுகில், டேபிள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. டயல் கேஜை டேபிளில் வையுங்கள். ஒரே இடத்துக்கு இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை வாருங்கள். இரண்டு ரீடிங்கும் 0.05 விலகினால் அது பேக்லாஷ், அதாவது இணைப்புகளில் உள்ள தளர்வு. பார்க்க வேண்டியவை: நட், பேரிங், அப்புறம் நான் எப்போதும் சொல்லும் கப்ளிங்.

இசட் ஆக்ஸிஸில் (மேலும் கீழும் நகரும் அச்சு) பிரேக் உள்ள மோட்டார்தான் போட்டிருக்கிறோம். எமர்ஜென்சி அழுத்தினால் ஸ்பிண்டில் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கிறது. பிரேக்கும் ஆறு மாதத்தில் தேய்ந்துவிட்டது.

இந்தக் கடிதத்துக்காகத்தான் உட்கார்ந்தேன். சர்வோ மோட்டாருக்குள் இருப்பது ஹோல்டிங் பிரேக். நின்ற லோடைப் பிடித்து வைக்க மட்டுமே அது. ஓடுகிற லோடை நிறுத்துவது டிரைவின் வேலை. பெரும்பாலும் ஸ்பிரிங் பிடிக்கும், 24 வோல்ட் கொடுத்தால் விடும். காரின் கைபிரேக் மாதிரி. அதை இழுத்தே தினமும் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்?

இப்படி வந்த ஒரு மோட்டாரை ஒரு முறை பிரித்தேன். பின்மூடியைத் திறந்ததும் கருப்பு மாவு கொட்டியது, பிரேக் லைனிங் பூராவும் அரைபட்டு என்கோடர் பக்கம் வரை போயிருந்தது. அங்கே எமர்ஜென்சி காண்டாக்ட்டிலேயே நேராக பிரேக் காயிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது யார் பட்டனை அழுத்தினாலும் முழுச் சுமையும் லைனிங் தலையில்.

சரி, இறங்குவது ஏன்? டார்க்கை வெட்டிய பிறகு ஸ்பிரிங் வந்து பிடிக்க ஒரு பத்தில் ஒரு நொடி என்று வையுங்கள். தடையில்லாமல் விழுந்தால் அதற்குள் சுமார் 5 சென்டிமீட்டர். பால் ஸ்க்ரூவில் அவ்வளவு வராது, பெல்ட் ஆக்ஸிஸில் கிட்டத்தட்ட வந்துவிடும். எனவே பிரேக் ரிலேயை டிரைவின் பிரேக் அவுட்புட்டிலிருந்து ஓட்டுங்கள். முதலில் வேகம் குறைந்து நிற்கட்டும், பிறகு பிரேக் பிடிக்கட்டும், கடைசியில் டார்க் போகட்டும். மெஷின் மின்பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 60204-1 சொல்லும் கேட்டகரி 1 நிறுத்தம் இதற்குப் பொருந்தும். எஸ்டிஓ (டார்க்கைப் பாதுகாப்பாக வெட்டும் டிரைவ் வசதி) மட்டும் போட்டால் அது கேட்டகரி 0, டார்க் அந்தக் கணமே போய்விடும். இன்னொன்று, காயிலுக்குக் குறுக்கே வெறும் டையோடு போட்டிருந்தால் கரண்ட் மெல்லத்தான் வடியும், பிரேக்கும் தாமதமாகத்தான் பிடிக்கும். கரண்டைச் சட்டென்று வடிய விடும் வேரிஸ்டர் போடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அடியில் வேலை செய்பவர் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டே கையை உள்ளே நுழைக்க வேண்டும். தேய்ந்த பிரேக்கைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கெய்ன் எவ்வளவு வைக்கலாம்?

கெய்ன் என்றால் பிசகைப் பார்த்ததும் டிரைவ் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பது. மோட்டார் கீச்சிடும் வரை ஏற்றி, அதிலிருந்து நன்றாக இறக்குங்கள். ஸ்பீட் லூப் முதலில், பொசிஷன் லூப் பிறகு. ஃபாலோயிங் எரர் (சொன்ன இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) குறையவில்லை என்று கெய்னையே ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள், கப்ளிங் ஸ்க்ரூ டைட்டாக இருக்கிறதா?

அப்சல்யூட் என்கோடர் பேட்டரி மாற்றினேன், ஹோம் பொசிஷன் போய்விட்டது.

பவர் இல்லாதபோது இடத்தை நினைவில் வைப்பது அந்த பேட்டரிதான். பவரை அணைத்துவிட்டு மாற்றியிருப்பீர்கள். கண்ட்ரோல் பவர் இருக்கும்போதே மாற்ற வேண்டும். இனி ஹோமிங்கை (தொடக்க இடத்தை மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது) திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

கப்ளிங் ஷாஃப்ட்டில் ஏறவில்லை. சுத்தியலால் லேசாகத் தட்டலாமா?

கூடாது. லேசாகவும் கூடாது. அந்தத் தட்டு நேராகப் பின்னால் உள்ள என்கோடருக்குத்தான் போகும். ஷாஃப்ட் நுனியில் திருகுத் துளை இருந்தால் போல்ட் போட்டு இழுத்து ஏற்றுங்கள், இல்லையென்றால் கிளாம்ப் வகைக் கப்ளிங் வாங்குங்கள்.